ஊதாக்கால் லயத்துப் பூங்காவனம்

பூங்காவனத்தைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அவளுடைய சித்தப்பா எதையும் ஒளிக்கவில்லை. "புள்ள பால் வெட்டுல கெட்டி. வாயிலயும் கெட்டி. ஒண்ண விட்டுட்டு ஒண்ண மட்டும் கூட்டிட்டுப் போக முடியாது" என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை பழனியாண்டி சிரித்துக்கொண்டே இரண்டையும் சேர்த்து ஊத்துப்பாறைத் தோட்டத்துக்குக் கூட்டி வந்தார். அன்றிலிருந்து விடியலில் றப்பர் மரத்துக்குக் கத்தியும், வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் கங்காணிக்கு வாயுமாக அவள் காலம் ஓடியது.

அந்தத் தோட்டத்தின் உச்சியில் ஒரு பாறை. அதன் இடுக்கில் எந்தக் கோடைக்கும் வற்றாத ஊற்று. ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக முதலில் தோட்டத்து மேலாளரான துரையின் பங்களாவுக்குப் போகும். அப்புறம் உத்தியோகத்தர் வீடுகள், பால் பதப்படுத்தும் றப்பர் ஸ்டோர், கடைசியாகத் தொழிலாளரின் வரிசை வீடுகளான மேட்டு லயம். குழாய் அதோடு முடிந்துவிடும். கீழே இருக்கும் பணிய லயத்துக்கு ஓடைதான் கதி. ஓடை ஸ்டோரைச் சுற்றிக்கொண்டு வந்து, லயத்துக் கிணற்றை உரசி, கீழேயுள்ள சிங்களக் கிராமத்து வயலுக்குள் இறங்கும். பூங்காவனம் வாக்கப்பட்டு வந்த காலத்தில் அதில் கெண்டை துள்ளியது. அவளுடைய மூத்தவள் சுகந்தினி நீச்சல் பழகியதும் அதில்தான்.

தொண்ணூற்றிரண்டில் தோட்டம் கம்பெனிக்காரர் கைக்குப் போனது. சில வருஷம் கழித்து ஸ்டோருக்குள் புது இயந்திரங்கள் வந்து இறங்கின. பாலோடு மருந்து கலந்து, சுழற்றி, பீப்பாயில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே அதிலிருந்து டொக்டர்மார் போடும் கையுறை செய்கிறார்களாம். யாரோ ஊர் பேர் தெரியாத டொக்டரின் கை சுத்தமாக இருக்க, பணிய லயத்தின் கால் புண்ணாகத் தொடங்கியது. கழுவி விட்ட தண்ணீர் வெள்ளையாக, நுரை கட்டி, கண்ணை எரிக்கும் நாற்றத்தோடு ஓடையில் இறங்கியது. குளித்தவர்களுக்குத் தோல் வெடித்தது. பழனியாண்டியின் கணுக்காலில் வந்த புண் மழைக்காலத்துக்கும் ஆறாமல், வெயில் காலத்துக்கும் ஆறாமல், வீட்டில் இன்னோர் ஆள் மாதிரி தங்கிவிட்டது.

தோட்டத்து டிஸ்பென்சரியில் எல்லாப் புண்ணுக்கும் ஒரே மருந்து இருந்தது. ஊதா நிறத்துத் திராவகம். பஞ்சில் தொட்டு, முழங்கால் வரை பூசி அனுப்பிவிடுவார்கள். பெரியவர், சின்னவர் எல்லோர் காலும் ஊதாவானது. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் கேலி பேசப் போக, லயத்துக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது: ஊதாக்கால் லயம்.

பூங்காவனம் அந்தப் பெயரையும் சிரித்தே கடந்திருப்பாள். கடக்க விடாமல் செய்தது அவளுடைய சம்மந்தி வெள்ளையம்மாதான்.

சுகந்தினியை ருவான்வெல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். இரண்டாயிரமாம் ஆண்டு பங்குனியில் அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று செய்தி வந்தது. பூங்காவனம் முறுக்கும் பால் பணியாரமும் சுட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். தேத்தண்ணி குடித்து முடிந்ததும், முறைப்படி தலைப்பிரசவப் பேச்சை எடுத்தாள்.

"அந்தப் பேச்சே வேணாம் சம்மந்தி" என்றாள் வெள்ளையம்மா. "புள்ள இங்கயே பெத்துக்கட்டும்."

"தலச்சன தாய் வீட்டுல பெக்காம? எங்க வீட்டுல என்னாங்க கொறச்ச?"

"கொறச்சன்னு நான் சொல்லல. கூடிப் போச்சுங்கிறேன்." வெள்ளையம்மா சேலைக்குக் கீழே தெரிந்த பூங்காவனத்தின் பாதத்தைப் பார்த்தாள். "ஊதா கூடிப் போச்சு. பச்சப் புள்ளைய அந்த நாத்தத் தண்ணியில குளிப்பாட்டி, அதுக்கும் சாயம் பூசித் தருவீங்களா? எங்க வம்சத்துப் புள்ள சிவப்பாப் பொறந்தாலும் சரி, கறுப்பாப் பொறந்தாலும் சரி. ஊதா வேணாம்."

மருமகன் தினேஷ் வாசற்பக்கம் பார்த்தான். சுகந்தினி, "அம்மா, அத்த சொல்றதுலயும்..." என்று தொடங்கி, தாயின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

பூங்காவனம் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சம்மந்தி சொன்னது பொய்யாக இருந்திருந்தால் நாலு வார்த்தையில் நறுக்கியிருப்பாள். அது உண்மையாக இருந்ததுதான் நெஞ்சைக் குடைந்தது. பஸ்ஸில் வரும்போது ஒன்றே ஒன்றை நினைத்துக்கொண்டாள். எம் மக எங்கிட்ட வந்துதான் பெப்பா. தண்ணிதான் மாறணும்.

மறுநாள் வேலை முடிந்ததும் டிஸ்பென்சரிக்குப் போனாள். "கெணத்துத் தண்ணிய யாராச்சும் சோதிக்கணும்ங்க ஐயா" என்றாள்.

"தண்ணிக்கு ஒண்ணும் இல்ல. நீங்க சவுக்காரம் போட்டுக் குளிங்க" என்று பஞ்சை எடுத்தார் மருந்து கொடுப்பவர்.

"மருந்து வேணாம். முழங்கால் வரைக்கும் பூசியாச்சு. இனி முகத்துக்குத்தான் பூசணும்" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்கு நடந்தாள்.

ஆபீசில் பெரிய கிளாக்கர் நாகலிங்கம் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் கதவு பலமாகச் சாத்தினாலும் எழுந்து நிற்கிற மனிதர். முந்தின வருஷம் ஒரு சுற்றிவளைப்பில் பொலிசார் அவரை ஒரு பகல் முழுக்க உட்கார வைத்திருந்தார்கள்.

"உமக்கு விளங்கேல்லப் போல, பூங்காவனம். அரசாங்கத்துச் சுகாதாரக்காரர் எஸ்டேட்டுக்குள்ள வரமாட்டினம். தோட்டத்துச் சனத்தின்ர சுகம் கொம்பனியின்ர பொறுப்பு. துரை கூப்பிட்டால்தான் வருவினம்."

"தொரை கூப்புடுவாரா?"

"அவற்ற ஸ்டோரைத்தானே பிழை சொல்லப் போறீர்? எப்பிடிக் கூப்பிடுவார்?"

"கீழ கிராமத்துல ரெண்டு புள்ளைக்கு வயித்தால போனதும் சுகாதாரம் பாக்குற பி.எச்.ஐ. மாத்தயா மோட்டர் சைக்கிள்ல ஓடி வந்தாரே ஐயா. அவுங்க வயிறு அரசாங்க வயிறு, எங்க வயிறு கம்பெனி வயிறா? ஓட்டுக் கேக்க வாறப்ப மட்டும் தோட்டத்துக்குள்ள வர எல்லாருக்கும் வழி தெரியுதே!"

நாகலிங்கம் ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மெல்லக் கதையும். நான் இதில தலையிட்டால், ஏன் தலையிட்டனான் எண்டு கேக்க ஆக்கள் இருக்கினம். நான் எந்த ஊர் எண்டு உமக்குத் தெரியும்தானே?"

தெரியும். அதனால் அவரைத் திட்டவும் அவளால் முடியவில்லை.

சரி, சுகாதார ஆபீசு இங்கே வராவிட்டால் தண்ணியை அங்கே கொண்டு போவோம் என்று முடிவு செய்தாள். பஸார்க் கடைக்காரர் மீராசாஹிபிடம் பெரிய சர்பத் போத்தல் ஒன்றை வாங்கி, ஸ்டோர்த் தண்ணீர் இறங்கும் வேளை பார்த்துக் கிணற்றில் மொண்டு, இறுக்கி மூடிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினாள். பாலத்தடியில் ஆமிச் சோதனைச் சாவடி. எல்லோரையும் இறக்கினார்கள். அவளுடைய பையைத் திறந்த சிப்பாய் போத்தலை முகர்ந்ததும் ஓரடி பின்வாங்கினான். துவக்கு நிமிர்ந்தது.

"மொகத மே?" என்ன இது என்று கத்தினான்.

தமிழ்ப் பொம்பிளை, பையில் மூக்கெரியும் போத்தல். பஸ்ஸில் வந்தவர்கள் அவளை விட்டுத் தள்ளி நின்றார்கள். பூங்காவனத்துக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு.

"வத்துர, மாத்தயா. நாங்க குடிக்கிற தண்ணி" என்றாள் சிங்களத்தில்.

"குடிக்கிற தண்ணியா? அப்படின்னா பீப்பங்." குடித்துக் காட்டு என்று போத்தலை நீட்டினான்.

நியாயமான கேள்விதான். இதை யாரும் குடிக்க முடியாது என்று காட்டத்தானே அவள் புறப்பட்டாள்? ஆனால் குடிக்காவிட்டால் அது தண்ணியே இல்லை. பூங்காவனம் போத்தலை வாங்கி, கண்ணை மூடி, இரண்டு மிடறு இறக்கினாள். மூன்றாவது மிடறு மூக்கு வழியே வந்தது. வீதியோர வடிகானருகே குந்தி, குடல் வெளியே வருமளவுக்கு வாந்தி எடுத்தாள். சிப்பாய்க்கே முகம் ஒருமாதிரிப் போயிற்று. மீதியைக் கானில் ஊற்றிவிட்டு, வெறும் போத்தலைக் கையில் கொடுத்து, வீட்டுக்குப் போகச் சொன்னான்.

பழனியாண்டி கதையைக் கேட்டுவிட்டு அவளுக்குச் சுடுதண்ணி வைத்துக் கொடுத்தார். பிறகு, "ஆமிக்காரன் தேவல புள்ள. இத்தன வருசத்துல அந்தத் தண்ணிய டெஸ்ட் பண்ணுன ஒரே அரசாங்க உத்தியோகத்தன் அவன்தான்" என்றார். வயிற்றைப் பிடித்துக்கொண்டே அவளும் சிரித்துவிட்டாள்.

புத்தர் பண்டிகையான வெசாக் வந்தது. கீழ்க் கிராமத்தில் சோற்றுத் தன்சல். போகிற வருகிறவர்களுக்கெல்லாம் தருமச் சோறு. லயத்துச் சனமும் வரிசையில் நிற்கும். பூங்காவனம் நின்றுகொண்டிருந்தபோது பி.எச்.ஐ. மோட்டர் சைக்கிளில் வந்து இறங்கினார். தண்ணீர்ப் பீப்பாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். ஒன்றைக் கவிழ்த்துக் கொட்டச் சொன்னார். மற்றதில் குளோரின் போட வைத்தார். தன்சல் நடத்துகிற பெரிய மனிதர்கள் கைகட்டி நின்றார்கள்.

வரிசையை விட்டு விலகி அவரிடம் போனாள். "மாத்தயா, ஆடியில எங்க அம்மன் கோயில்லயும் அன்னதானம். இதே மாதிரி தன்சல்தான். அதுக்கும் வருவீங்களா?"

"தோட்டம் எங்க ஏரியா இல்லையே."

"கோயில்தான் தோட்டத்துல இருக்கு. சாப்புட வாறது இந்தக் கிராமத்துச் சனமும்தான். கேட்டுப் பாருங்க."

பக்கத்தில் நின்ற பெரிய மனிதர் தலையாட்டினார். வருஷா வருஷம் போகிறோம், சாம்பார் நன்றாக இருக்கும் என்றார். பி.எச்.ஐ. யோசித்தார். "பொதுச் சனம் சாப்பிடுறதென்றால் நான் பார்க்கத்தான் வேணும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைத் தன்சல் சோற்றோடு மடித்துக்கொண்டு வந்தாள்.

கோயில் தலைவர் கன்னையாவுக்கு விஷயம் தெரிந்ததும் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு லயத்துக்கு வந்துவிட்டார். ஒவ்வொரு திருவிழாவுக்கும் அன்னதானத் தண்ணீரைத் துரைதான் அனுப்புவார். மேட்டுக் குழாயில் பிடித்த தண்ணீர், டிராக்டர் இழுக்கும் பவுசர்த் தொட்டியில் மாலை போட்டு வரும். பதிலுக்கு முதல் இலை துரைக்கு. அது தோட்டத்து வழக்கம். இந்த வருஷம் பவுசர் வேண்டாம் என்கிறாளே இவள்!

"என்னா பூங்காவனம், ஆத்தா திருவிழாவக் கொழப்பப் போறியா?"

"கொழப்பல தலைவரே. நாங்க தெனம் ஆக்குற தண்ணியில ஆத்தாளுக்கும் ஆக்குறோம். நமக்கு ஒரு தண்ணி, விருந்தாளிக்கு ஒரு தண்ணின்னு ஆத்தா கேட்டாளா?"

"தொரை கோவிப்பாரு."

"தண்ணி எடுக்குறது, காய் நறுக்குறது, பாத்திரம் கழுவுறது எல்லாம் பணிய லயத்துப் பொம்பளைங்க. வேணாம்னா சொல்லுங்க, நாங்க சும்மா உக்காந்து சாமி கும்புடுறோம். நீங்க நறுக்குங்க பூசணிக்கா."

பின்னால் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். கன்னையா பழனியாண்டியைப் பார்த்தார். பழனியாண்டி தன் புண்ணைப் பார்த்தார். கன்னையா போய்விட்டார்.

திருவிழாவன்று காலையிலேயே பெண்கள் வரிசையாக நின்று வாளி வாளியாகக் கிணற்றுத் தண்ணீரைக் கோயில் பின்கட்டுப் பீப்பாய்களில் நிரப்பினார்கள். மாலை போட்டு வந்த பவுசரைப் பூங்காவனம் வழியில் நிறுத்தித் திருப்பி அனுப்பினாள். கிடாரங்கள் அடுப்பில் ஏறின. அரிசி களைந்து வைக்காமல், நெருப்பும் மூட்டாமல், பெண்கள் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். கரகம் கோயிலைச் சுற்றி வந்தது. கிராமத்துச் சனம் குடும்பம் குடும்பமாக வந்து பாயில் அமர்ந்தது. துரை வெள்ளைச் சட்டையும் மாலையுமாக வந்தார். நாகலிங்கம் அவர் பின்னால் வியர்த்துக்கொண்டு நின்றார். அடுத்தாற்போல மோட்டர் சைக்கிள் சத்தம்.

பி.எச்.ஐ. பீப்பாய் மூடியைத் திறந்தார். திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இதிலயா சோறாக்கப் போறீங்க?"

"வேற இல்லைங்க" என்றாள் பூங்காவனம்.

"இதில ஆக்க விடமாட்டேன்."

துரை முன்னே வந்து, மேல் தண்ணீர் இருக்கிறது, பவுசரை உடனே கூப்பிடுங்கள் என்றார். பூங்காவனம் ஒரு வெள்ளி டம்ளரைக் கழுவி, பீப்பாயில் மொண்டு, தட்டில் வைத்து அவர் முன்னால் நீட்டினாள். விருந்தாளிக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது முறை. கிராமத்தாருக்கும் கேட்கட்டும் என்று சிங்களத்திலேயே பேசினாள்.

"சோதனைச் சாவடியில ஆமிக்காரர் என்னை இந்தத் தண்ணியக் குடிக்கச் சொன்னாரு, தொரை. குடிச்சேன். உங்கள நான் குடிக்கச் சொல்லல. கையில வாங்குங்க. அது போதும்."

துரை வாங்கவில்லை. மேளக்காரர்களும் நிறுத்திவிட்டார்கள். டம்ளரின் வெள்ளை நுரையில் குமிழ் உடையும் சத்தம் கேட்டது போல இருந்தது.

பி.எச்.ஐ.யின் பக்கம் திரும்பினாள். "இவங்க ஒரு வேளைக்குக்கூடக் குடிக்கக் கூடாத தண்ணிய நாங்க தெனம் எப்படி மாத்தயா குடிக்கிறது?"

அவர் பதில் சொல்லுமுன் பாயில் இருந்து ஒரு சிங்களக் கிழவி எழுந்து வந்தாள். பீப்பாயை முகர்ந்தாள். "இதே நாற்றம்தான் எங்க வயல்லயும்! லயத்து ஆட்கள் ஓடையில அசிங்கம் பண்ணுறீங்கன்னு இல்ல நாங்க இத்தனை நாள் ஏசினோம்?" என்றாள். கிராமத்து ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். துரையைச் சுற்றிச் சிங்களத்தில் கேள்விகள் குவிந்தன.

பி.எச்.ஐ. தொண்டையைச் செருமினார். "ஓடை தோட்டத்து எல்லையைத் தாண்டினால் என் ஏரியா. ஸ்டோரைப் பார்க்கணும், துரை" என்றார்.

ஆக, அவர் உள்ளே போனது ஊதாக்காலுக்காக அல்ல. எல்லைக்கு அப்பாலிருந்த வயலுக்காக. பூங்காவனத்துக்கு அது உறைத்தது. உறைத்தாலும், திறந்த கதவை எதற்காகத் திறந்தாய் என்று கேட்டுச் சாத்துகிறவள் அல்ல அவள். "வாங்க மாத்தயா, நான் வழி காட்டுறேன்" என்று முன்னே நடந்தாள். சோறு அன்று பவுசர்த் தண்ணீரில்தான் வெந்தது. முதல் இலையைக் கன்னையா யாரையும் கேட்காமல் அந்தக் கிழவிக்குப் போட்டார்.

அதற்கு விலை இருந்தது. மறு வாரம் பெரட்டில் பூங்காவனத்தின் பெயரைக் கூப்பிடவில்லை. அதற்கடுத்த வாரமும் கூப்பிடவில்லை. அவள் தினமும் போய், கத்தியோடு நின்றுவிட்டு வந்தாள். ஒரு நாள் காலையில் பணிய லயத்துப் பெண்கள் பெயர் கூப்பிட்டும் வாளியைத் தூக்கவில்லை. "எங்க பேரு சரி. பூங்காவனக்கா பேரு எங்க?" என்று நின்றார்கள். வெயில் ஏறினால் பால் வடியாது என்பது கங்காணிக்குத் தெரியும். பெயர் வந்தது. கங்காணியைக் கூப்பிட்டு அவள் பெயரைச் சேர்க்கச் சொன்னவர் நாகலிங்கம் என்று பிறகு தெரிய வந்தது. ஆனால் அவர் அதை ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஸ்டோர் நிற்கவில்லை. பி.எச்.ஐ. எழுதிய அறிக்கைக்குப் பயந்து கழிவுத் தண்ணீருக்குக் குழி வெட்டினார்கள். பெருமழைக்கு அது வழிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் பணிய லயத்துக்கும் கம்பெனி குழாய் கொடுத்தது. ஆள் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பணிய லயமே மண்வெட்டியோடு இறங்கிக் கால்வாய் தோண்டியது. ஐப்பசி பிறக்குமுன் ஊற்றுத் தண்ணீர் முதல் தடவையாக மேட்டு லயத்தைத் தாண்டிக் கீழே வந்தது.

மறுநாளே பூங்காவனம் அந்தப் பழைய சர்பத் போத்தலை மணல் போட்டுக் கழுவி, குழாய்த் தண்ணீரை நிரப்பிக்கொண்டு பஸ் ஏறினாள். பாலத்தடியில் இறக்கினார்கள். சிப்பாய் பையைத் தொடுமுன்பே போத்தலைத் திறந்து அண்ணாந்து மடமடவென்று குடித்துக் காட்டினாள். "மாத்தயாவுக்கும் வேணுமா?" என்று நீட்டினாள். அவன் சிரித்துக்கொண்டே போகச் சொன்னான்.

வெள்ளையம்மா போத்தலை முகர்ந்தாள். கொஞ்சம் கையில் ஊற்றிப் பார்த்தாள். பிறகு குடித்தாள். நிறுத்தாமல் குடித்தாள்.

"தண்ணி சரிதான் சம்மந்தி. காலு?"

பூங்காவனம் சேலையைக் கணுக்காலுக்கு மேல் உயர்த்தினாள். ஊதா இன்னும் போகவில்லை. ஓரங்களில் மட்டும் வெளுத்திருந்தது. "பாத்துக்கங்க. இது நானா பூசிக்கிட்டது இல்ல, பூசி விட்டது. எம் பேரப்புள்ளைக்கு இது ஒட்டாது. ஒட்ட விடமாட்டேன்."

வெள்ளையம்மா குனிந்து, வெளுத்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு உள்பக்கம் குரல் கொடுத்தாள். "சுகந்தினி! ஒங்கம்மா வந்துருக்கா. துணிமணிய எடுத்து வையி."

நிறைமாதத்து மகளை ஜன்னலோரம் உட்கார வைத்து அழைத்து வந்தாள் பூங்காவனம். தோட்டத்துத் திருப்பத்தில் பஸ் வளைந்தபோது, ஸ்டோரின் நாற்றம் காற்றோடு வந்தது. சுகந்தினி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள்.

"கைய எடு" என்றாள் பூங்காவனம். "நல்லா மோந்து வச்சுக்க. தண்ணிய மாத்தியாச்சு, காத்து பாக்கி இருக்கு. மொதல்ல நீ பெத்து எந்திரி. அப்புறம் ரெண்டு பேருமாப் போயிக் கேப்போம்."